தவறினும் காக்கும் கருவிகள்

மனிதன் படைத்த பொறிகளுள் என்றும் பழுதுபடாதது ஒன்றும் இல்லை. இரும்பு துருப்பிடிக்கும், கம்பி அறும், சுருள்வில் தளரும், மின்கலம் வற்றும். ஆதலின், 'இப்பொறி பழுதுபடுமா?' என்று வினவுவதினும், 'பழுதுபடும்போது இப்பொறி எந்நிலையில் நிற்கும்?' என்று வினவுவதே அறிவுடைமை ஆகும். இவ்வினாவை முதலில் எழுப்பி, அதற்கு விடை கண்ட பின்னரே பொறியை அமைக்கத் தொடங்குதல் நல்ல பொறியாளரின் வழக்கம்.

தான் பழுதுற்ற போதும் பிறருக்குத் தீங்கு விளைக்காமல், இடரற்ற நிலைக்குத் தானே சென்று நிற்கும் அமைப்பைக் காப்புப் பொறி எனலாம். பொறியியலார் இப்பண்பினை 'ஃபெயில் சேஃப்' என்று வழங்குவர். வீட்டு மின்பலகையில் உள்ள உருகுகம்பி இதற்கு எளியதோர் எடுத்துக்காட்டு. அளவுக்கு மிஞ்சிய மின்சாரம் பாய்ந்தால், அக்கம்பி தான் உருகி அறுந்து மின்னோட்டத்தை நிறுத்திவிடுகிறது. தான் அழிந்து வீட்டைக் காப்பது அதன் தொழில்.

காப்புப் பொறிகள் இருவகைப்படும். எடை, சுருள்வில், நெம்புகோல் முதலியவற்றின் இயல்பான விசையால் செயற்படுவன இயந்திர வகை. மின்னலைகளையும் நுண்ணிய மின்சுற்றுகளையும் கொண்டு, நிலைமையை உணர்ந்து கட்டளை இடுவன மின்னணு வகை. இவ்விரண்டனுள் எது சிறந்தது என்னும் கேள்விக்கு விடை காண, முதலில் ஒரு சிறிய விளையாட்டுப் படகைக் காண்பது நலம்.

குளத்தில் மிதக்கும் சிறு படகு ஒன்றைக் கரையில் நின்றவாறே வானொலி அலைகளால் செலுத்துவது உலகின் பல நாடுகளில் இளைஞரும் முதியோரும் விரும்பும் பொழுதுபோக்காகும். இதன் தொடக்கம் 1898ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அவ்வாண்டு நிக்கோலா டெஸ்லா என்னும் அறிஞர் நியூயார்க் நகரின் மாடிசன் சதுக்க அரங்கில் ஒரு தொட்டியில் சிறு படகை மிதக்கவிட்டு, கம்பித் தொடர்பு ஏதுமின்றி அதனைத் தாம் விரும்பியவாறு இயக்கிக் காட்டினார். அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார்.

இத்தகைய படகில் சிறிய எஞ்சின் ஒன்று பொருத்தப்பட்டுள்ளதாகக் கொள்வோம். கரையில் உள்ளவர் கைப்பெட்டியின் பிடியை நகர்த்தினால், அதிலிருந்து எழும் அலையைப் படகிலுள்ள ஏற்பி பெறுகிறது. ஏற்பியின் கட்டளைப்படி ஒரு சிறு மோட்டார் திரும்பி, மெல்லிய இரும்புக்கோல் ஒன்றை இழுத்து, எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருளைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. படகு முழு வேகத்தில் செல்லும்போது இத்தொடரில் ஏதேனும் ஒன்று கெட்டால், கட்டுக்கு அடங்காத படகு நீராடுவோர்மீதோ கரையின்மீதோ பாயும். அதனைத் தடுப்பதற்கு இருவழிகள் உள்ளன.

முதல் வழி, எரிபொருள் வாயிலில் ஒரு சுருள்வில்லைப் பூட்டுவது. அவ்வில் வாயிலை எப்பொழுதும் மூடும் திசையிலேயே இழுத்துக்கொண்டிருக்கும். மோட்டாரும் கோலும் அதனை எதிர்த்து இழுத்துப் பிடித்திருக்கும் வரையில்தான் எஞ்சின் வேகமாக ஓடும். கோல் ஒடிந்தால், வில் வாயிலை மூடிவிடும், படகு ஓய்ந்துவிடும். இதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. யாருடைய கட்டளையும் வேண்டியதில்லை.

ஆனால் கைப்பெட்டியின் அலை மட்டும் நின்றுபோனால் என்ன ஆகும்? படகிலுள்ள மின்கலத்தில் வலு இருப்பதால், மோட்டார் கடைசியாகப் பெற்ற கட்டளையையே பற்றிக்கொண்டு நிற்கக்கூடும். சுருள்வில்லால் அதனை வெல்ல இயலாது. அலை அற்றுப்போனது என்பதை இரும்பு எவ்வாறு அறியும்? இங்கேதான் இரண்டாம் வழி உதவுகிறது. ஏற்பியில் அமைந்த மின்னணுச் சுற்று, அலை வருகின்றதா என்று இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். குறித்த நொடிப்பொழுதுக்கு மேல் அலை வராதொழியின், 'எரிபொருளை மூடு' என்று தானே மோட்டாருக்குக் கட்டளை இடும். எனினும் படகின் மின்கலமே வற்றிவிட்டாலோ, கோல் ஒடிந்துவிட்டாலோ, இச்சுற்றால் ஒன்றும் செய்ய இயலாது. கட்டளையிட வலுவும் இல்லை, கட்டளையை நிறைவேற்றக் கையும் இல்லை.

இச்சிறு படகு பெரியதோர் உண்மையை உணர்த்துகிறது. இயந்திரக் காப்பு, தன் உறுப்பின் பழுதை நன்கு காக்கும். தொலைவில் நேர்ந்த பழுதை அறியாது. மின்னணுக் காப்பு, தொலைவில் நேர்ந்ததையும் அறியும். தனக்கே வலு அற்றபோது ஏதும் செய்யாது. எந்தக் காப்பும் தன் அறிவுக்கு எட்டிய பழுதிலிருந்து மட்டுமே காக்கும். எட்டாத பழுது யாது என்று தேடிக் காண்பதே காப்பு அமைப்போரின் தலையாய கடமை.

விளையாட்டுப் படகில் இக்கடமை தவறினால் இழப்பது ஒரு படகு. நூற்றுக்கணக்கான மக்களைச் சுமந்து விரையும் ரயில்வண்டியில் தவறினால் இழப்பது உயிர். ஆகவேதான் காப்புப் பொறிகளின் வரலாறு இருப்புப்பாதையில் மிக விரிவாக எழுதப்பட்டுள்ளது. அவ்வரலாற்றின் பல கட்டங்களையும் அறிதற்கு ஏற்ற இடம் தமிழ்நாட்டில் கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடைப்பட்ட பாதையாகும்.

கடலூர்த் துறைமுகச் சந்திப்பிலிருந்து தெற்கே செல்லும் இப்பாதை ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்னும் ஊர்களைக் கடந்து, வெள்ளாற்றைத் தாண்டி, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் சிதம்பரத்தை அடைகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் காற்பகுதியில் தென்னிந்திய ரயில்வே அமைத்த குறுகிய மீட்டர் பாதை இது. விழுப்புரத்திற்கும் மயிலாடுதுறைக்கும் இடையே 2010ஆம் ஆண்டில் அகலப்பாதையாக மாற்றப்பெற்றது. வடக்கு நோக்கிச் செல்லும் வண்டியும் தெற்கு நோக்கிச் செல்லும் வண்டியும் ஒரே தண்டவாளத்தில் ஓடும் ஒற்றைவழிப் பாதை இது. வங்கக் கடல் அணிமையில் இருப்பதால் உப்புக்காற்று இரும்பை அரிக்கும். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் புயல் வந்து மரங்களையும் கம்பங்களையும் சாய்க்கும். இங்கே எந்தக் கருவியும் என்றேனும் ஒருநாள் பழுதுபடும் என்று எண்ணியே அமைத்தல் வேண்டும்.

முதலில் ரயில்வண்டியை நிறுத்தும் பிரேக்கினைக் காண்போம். பிரேக்கைப் போடுவதற்கு விசை வேண்டும் என்றும், விசை நின்றால் பிரேக் விலகிவிடும் என்றும் அமைத்தால், குழாய் அறுந்த வண்டியை நிறுத்த வழியில்லாமல் போகும். 1889ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அயர்லாந்தில் ஆர்மா என்னும் ஊரின் அருகே இதுவே நிகழ்ந்தது. பள்ளிச் சிறுவர் பலரை உல்லாசப் பயணமாக ஏற்றிச் சென்ற வண்டி, செங்குத்தான ஏற்றத்தில் ஏறமாட்டாமல் நின்றது. வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பகுதியை முதலில் கொண்டுசெல்ல முயன்றனர். பிரித்தவுடன் பின்பகுதியின் பிரேக் விலகிற்று. அப்பெட்டிகள் சரிவில் பின்னோக்கி உருண்டு, பின்னால் வந்த வண்டியுடன் மோதின. ஏறத்தாழ 80 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டே பிரிட்டிஷ் அரசு, தானே செயற்படும் பிரேக்கினைப் பயணி வண்டிகளுக்குக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது.

இந்திய வண்டிகளில் நெடுங்காலம் இருந்த வெற்றிடப் பிரேக் இம்முறையைத் தலைகீழாக மாற்றியது. அதில் வண்டி முழுவதும் செல்லும் குழாயில் காற்று உறிஞ்சப்பட்டு வெற்றிடம் நிலவும் வரையில்தான் பிரேக் விலகி நிற்கும். குழாய் அறுந்தால் காற்று உட்புகும். பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். இன்றைய வண்டிகளில் உள்ள காற்றுப் பிரேக்கிலோ, சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோகிராம் அழுத்தமுள்ள காற்று நிரம்பியிருந்தால்தான் வண்டி ஓட இயலும். இணைப்புக் கழன்று காற்று வெளியேறினால், கழன்ற பெட்டிகளும் நிற்கும். முன்சென்ற பெட்டிகளும் நிற்கும். ஓடுவதற்கே முயற்சி வேண்டும், நிற்பதற்கு வேண்டியதில்லை. காப்பு அமைப்பின் முதல் விதி இதுவாகும்.

கைகாட்டியும் அவ்விதியைத் தழுவியதே. மீட்டர் பாதைக் காலத்தில் நிலையத்தின் இருபுறமும் உயர்ந்த கம்பத்தில் கைகாட்டி நின்றது. கை கிடையாக நீண்டிருந்தால் 'நில்' என்றும், கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் 'செல்' என்றும் பொருள். நிலையத்தில் உள்ளவர் நெம்புகோலை இழுக்க, நீண்ட கம்பி அக்கையைச் சாய்க்கும். கம்பி அறுந்தால், கம்பத்தின் அடியில் உள்ள எடை கீழிறங்கிக் கையைக் கிடைநிலைக்கு உயர்த்திவிடும். கடற்காற்றில் துருவேறிய கம்பி நள்ளிரவில் அறுந்தாலும், வருகின்ற வண்டி நிற்குமேயன்றி முட்டாது.

இதற்கும் எட்டாத பழுது ஒன்று இருந்தது. 1876ஆம் ஆண்டு சனவரியில் இங்கிலாந்தின் அபட்ஸ் ரிப்டன் என்னும் இடத்தில் பனி பொழிந்து, சாய்ந்திருந்த கைகாட்டியின்மேல் உறைந்தது. எடையால் அதனை உயர்த்த முடியவில்லை. 'செல்' என்று பொய்யுரைத்த கைகாட்டியை நம்பிய விரைவு வண்டி, முன்னே நகர்ந்துகொண்டிருந்த சரக்கு வண்டியில் மோதியது. அதன்பின், வண்டி வரும் வேளை தவிர மற்றை நேரமெல்லாம் கைகாட்டி 'நில்' என்னும் நிலையிலேயே இருத்தல் வேண்டும் என்ற வழக்கம் பரவியது. பிற்காலத்தில், மேல்நோக்கி உயர்ந்து 'செல்' என்று காட்டும் கைகாட்டிகள் தோன்றின. அவற்றின்மேல் எது படிந்தாலும், அதன் எடையும் கையைக் கீழே, அதாவது 'நில்' என்னும் நிலைக்கே தள்ளும்.

ஒற்றைவழிப் பாதையில் மற்றோர் இடரும் உண்டு. இரு நிலையங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் வண்டிகளை எதிரெதிராக அனுப்பிவிட்டால் அவை நடுவழியில் மோதும். 1874ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் இங்கிலாந்தின் நார்விச் நகருக்கு அருகில், தந்திச் செய்தி ஒன்றைத் தவறாகக் கொண்டமையால் அவ்வாறே நிகழ்ந்தது. இதனைத் தடுக்க எட்வர்டு டையர் என்பார் 1878இல் அமைத்த கருவியின் வழிவந்ததே, இந்தியாவின் ஒற்றைவழிப் பாதைகள் பலவற்றில் வழங்கிய குண்டுக் கருவி. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் உள்ள இக்கருவிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. ஒன்றிலிருந்து ஓர் இரும்புக் குண்டை எடுத்துவிட்டால், அக்குண்டு மீண்டும் அங்கேயோ அடுத்த நிலையத்திலோ இடப்படும் வரையில், இரண்டு கருவிகளும் வேறு குண்டைத் தாரா. தோல்பையில் இட்ட அக்குண்டைக் கையில் பெற்றாலன்றி ஓட்டுநர் வண்டியை எடுக்கலாகாது. வாய்ச்சொல்லையும் தந்தியையும் நம்பியிருந்த காப்பு, கையால் தொட்டறியும் பொருளாக மாறியது.

இவ்வாறே, தண்டவாளம் ஒருபுறம் திரும்பியிருக்கையில் மறுபுறத்திற்குரிய கைகாட்டியைச் சாய்க்க இயலாதபடி நெம்புகோல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் முறையும் தோன்றியது. இதற்கு 1856ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜான் சாக்ஸ்பி காப்புரிமை பெற்றார். இதனை 'இன்டர்லாக்கிங்' என்றும், தமிழில் இணைப்பூட்டு என்றும் கூறலாம். ஒரு நெம்புகோல் இழுக்கப்பட்டவுடன், அதற்கு முரணான நெம்புகோல்களை இரும்புத் துண்டுகள் பூட்டிவிடும். நெம்புகோலைப் பிடித்தவர் உறக்கக் கலக்கத்தில் இருப்பினும், தவறான கட்டளையை இரும்பு ஏற்காது.

மின்சாரம் இத்துறையில் புகுந்தபோதும் பழைய விதி கைவிடப்படவில்லை. 1872இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற தண்டவாள மின்சுற்றே இதற்குச் சான்று. இருப்புப்பாதையின் ஒரு பகுதியில் இரு தண்டவாளங்களின் வழியாகவும் சிறு மின்னோட்டம் சென்று, மறுமுனையிலுள்ள 'ரிலே' என்னும் மின்காந்தச் சாவியை உயர்த்திப் பிடித்திருக்கும். வண்டி வந்தால் அதன் சக்கரங்களும் அச்சும் மின்னோட்டத்தைக் குறுக்கே திருப்பிவிடும். சாவி தன் எடையாலேயே கீழே விழும். சிவப்பு விளக்கு எரியும். மின்கலம் வற்றினாலும், கம்பி அறுந்தாலும் சாவி விழத்தான் செய்யும். தண்டவாளம் முறிந்தாலும் பெரும்பாலும் அவ்வாறே. பழுது எத்தகையதாயினும் 'வண்டி நிற்கிறது' என்றே கொள்ளும் கருவி இது. இங்கே உணர்வது மின்சாரம், காப்பது புவியீர்ப்பு.

இன்று இப்பாதையில் கைகாட்டிகள் இல்லை. வண்ண விளக்குகளே வண்டிகளை வழிநடத்துகின்றன. நெடும் பாதைகளில் வண்டியின் அச்சுகளை எண்ணும் மின்னணுக் கருவிகளும் வந்துள்ளன. ஒரு பகுதிக்குள் புகுந்த அச்சுகளின் எண்ணிக்கையும் வெளியேறிய எண்ணிக்கையும் ஒத்தாலன்றி, அப்பகுதி வெறுமையாக உள்ளது என்று அவை ஒப்புக்கொள்ளா. பல நிலையங்களில் நெம்புகோல்களின் இடத்தைக் கணிப்பொறிகள் கொண்டுவிட்டன.

மின்னணு வகையில் ஒரு பெரிய இடர்ப்பாடு உண்டு. இரும்பு எடை எப்பொழுதும் கீழேதான் விழும்; புவியீர்ப்பு ஒருநாளும் பழுதுபடுவதில்லை. ஆனால் நுண்ணிய மின்னணு உறுப்பு ஒன்று கெட்டால், அது திறந்த நிலையிலும் நிற்கலாம். மூடிய நிலையிலும் நிற்கலாம். எந்நிலையில் நிற்கும் என்று முன்னரே உரைத்தல் அரிது. ஆகவே பொறியாளர் வேறு வழி கண்டனர். ஒரே கணக்கை இரண்டு கணிப்பொறிகள் தனித்தனியே செய்யும். இரண்டின் விடையும் ஒத்தால்தான் பச்சை விளக்கு எரியும். ஒவ்வாதாயின் கருவி விளக்குகளைச் சிவப்பாக்கிவிட்டுத் தானே ஒதுங்கிவிடும். மூன்று கணிப்பொறிகளை வைத்து, இரண்டின் ஒத்த விடையை ஏற்கும் முறையும் உண்டு. ஒரு சான்றினை மட்டும் நம்பாத நீதிமன்றத்தின் முறைமை போன்றது இது.

மின்னணு வகையின் சிறப்பு எங்கே விளங்குகிறது என்பதற்கு ஓட்டுநருக்கான காப்புக் கருவி நல்ல சான்று. ஓட்டுநர் மயங்கி விழுந்தால் வண்டியை நிறுத்துவதற்காக, காலால் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டிய மிதிகட்டை சில நாடுகளின் வண்டிகளில் இருந்தது. கால் விலகினால் பிரேக் விழும். 2003ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் ஆஸ்திரேலியாவில் வாட்டர்ஃபால் என்னும் இடத்திற்கு அருகில் ஓட்டுநர் மாரடைப்பால் செயலிழந்தார். அவருடைய கால்களின் எடையே மிதிகட்டையை அழுத்திக்கொண்டிருந்தது என விசாரணை கண்டது. வண்டி வளைவில் கவிழ, ஓட்டுநர் உட்பட எழுவர் மாண்டனர். உயிருள்ள காலையும் உணர்வற்ற காலையும் இரும்பால் பிரித்தறிய இயலவில்லை. இந்திய மின்சார எஞ்சின்களில் உள்ள விழிப்புக் கருவியோ, 60 வினாடிக்கு ஒருமுறையேனும் ஓட்டுநர் ஏதேனும் ஒரு செயலைச் செய்கிறாரா என்று பார்க்கிறது. செய்யாவிடில் விளக்கு மின்னும். பின்னர் ஒலி எழும். அதற்கும் மறுமொழி இல்லையெனில் வண்டி நிறுத்தப்படும்.

ஆயினும் மின்னணுக் காப்பும் மனிதர் கையால் பூட்டப்பட்டதே என்பதை மறத்தலாகாது. 2023ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் ஒடிசா மாநிலத்தின் பாகாநாகா பஜார் நிலையத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டிக்கு நேர்ப்பாதைக்கான பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் தண்டவாளம் பக்கப்பாதைக்குத் திரும்பியிருந்தது. வண்டி அங்கு நின்ற சரக்கு வண்டியில் மோதியது. தொடர்ந்து மற்றொரு வண்டியும் சிக்குண்டு, 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சிக்னல் கம்பிகளை மாற்றி இணைத்த பணியில் நேர்ந்த குறைகளே காரணம் என ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது. பொய்யான செய்தியை ஊட்டினால், பிழையற்ற கருவியும் பிழையான முடிவையே தரும்.

புயற்காலத்தில் இவ்விருவகைக் கருவிகளும் சோதனைக்கு உள்ளாகும். 2011 டிசம்பர் 30ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த தானே புயல், கடலூர் மாவட்டத்தில் எண்ணற்ற மின்கம்பங்களைச் சாய்த்தது. மின்சாரம் அற்று, சேமக்கலங்களும் வற்றினால் சிக்னல் விளக்கு அணைந்துபோகும். அப்போது ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும்? எரிய வேண்டிய விளக்கு எரியவில்லையெனில், அதனைச் சிவப்பாகவே கொள்ள வேண்டும் என்பது ரயில்வேயின் விதி. கருவி ஊமையானபோது விதி பேசுகிறது. இங்கே மனிதனின் கட்டுப்பாடே காப்புப் பொறியின் கடைசி உறுப்பாகிறது.

எல்லா இடத்திலும் நிற்பதுதான் காப்பு என்று எண்ணுதலும் பொருந்தாது. பறக்கும் விமானத்தின் எஞ்சினை நிறுத்துவது காப்பன்று. கலங்கரை விளக்கம் பழுதுற்று அணைந்தால் கடலில் உள்ளோருக்கு இடர் மிகும். அங்கே ஒரு விளக்கு அணைந்தவுடன் மற்றொரு விளக்கு ஏற்றப்படுவதே காப்பு. ஒவ்வொரு தொழிலிலும் இடரற்ற நிலை எது என்று முதலில் தெளிதல் வேண்டும். இருப்புப்பாதையைப் பொறுத்தவரை அத்தெளிவு எளிது: ஐயம் எழுந்தால் வண்டி நிற்க வேண்டும்.

ஆனால் சாலையும் இருப்புப்பாதையும் குறுக்கிடும் கடவுப்பாதையில் இத்தெளிவு எல்லா இடத்தும் கருவியாக உருப்பெறவில்லை. 'ரயில்வே கேட்' என மக்கள் வழங்கும் கடவுப்பாதைகள் இருவகை. இணைப்பூட்டு உள்ள கடவுப்பாதையில், கதவு மூடிப் பூட்டப்பட்டாலன்றி வண்டிக்குரிய சிக்னல் பச்சையாகாது; வண்டிக்கு வழிவிட்ட பின் கதவைத் திறக்கவும் இயலாது. காவலர் கதவை மூட மறந்தால், வண்டி வெளியே நிற்கும்; காலம் வீணாகும்; உயிர் வீணாகாது. இணைப்பூட்டு இல்லாத கடவுப்பாதையிலோ, நிலைய அதிபர் தொலைபேசியில் வண்டி வரும் செய்தியைக் கூறுவார். காவலர் கதவை மூடிவிட்டு, அதற்கு உறுதியாகத் தம்மிடம் உள்ள தனி எண் ஒன்றைச் சொல்வார். எண் சரியாக இருக்கலாம். கதவு மூடியிருக்கிறதா என்பதை அவ்வெண் அறியாது. கதவுக்கும் சிக்னலுக்கும் இடையே உள்ள பிணைப்பு ஒரு சொல் மட்டுமே.

2025ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் காலை, கடலூருக்கும் ஆலப்பாக்கத்திற்கும் இடையே செம்மங்குப்பத்தில் இருந்த அத்தகைய இணைப்பூட்டு இல்லாத கடவுப்பாதையை ஒரு பள்ளி வேன் கடந்தது. கதவு மூடப்பட்டிருக்கவில்லை. விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறைக்குச் சென்ற பயணி வண்டி அவ்வேன்மீது மோதியது. மாணவர் மூவர் உயிரிழந்தனர், மற்றவர் காயமுற்றனர். யாரிடத்தில் எவ்வளவு பிழை என்பதை ஆராய்ந்து உரைத்தல் விசாரணைக்கும் நீதிக்கும் உரியது. பொறியியல் கற்போர் எழுப்ப வேண்டிய வினா வேறு: ஒரு மனிதரின் ஒரு தவறு, தடையேதுமின்றி மூன்று உயிர்களைச் சென்றடைய அங்கே வழி இருந்தது ஏன்? பிரேக் குழாய் அறுந்தால் காக்க வண்டியில் ஏற்பாடு இருந்தது. சிக்னலுக்கும் காப்பு இருந்தது. ஓட்டுநரின் விழிப்புக்கும் காப்பு இருந்தது. மூடாத கதவை அறிந்து வண்டியை நிறுத்தும் காப்பு மட்டும் அங்கே இல்லை.

அவ்விபத்தின்பின் ரயில்வே அமைச்சகம், இணைப்பூட்டு அமைக்க வேண்டிய கடவுப்பாதைகளின் வரம்பினை மாற்றியது. ஒரு கடவுப்பாதையை நாள்தோறும் கடக்கும் ரயில்வண்டிகளின் எண்ணிக்கையையும் சாலை வண்டிகளின் எண்ணிக்கையையும் பெருக்கி வரும் அளவு 20,000க்கு மேற்படின் இணைப்பூட்டு அமைப்பது என்றிருந்த வரம்பு, 10,000 ஆகக் குறைக்கப்பட்டது. கடவுப்பாதைகளில் காட்சிப்பதிவுக் கருவிகளைப் பொருத்தவும், தொலைபேசி உரையாடல் பதிவுகளை நாள்தோறும் சோதிக்கவும் ஆணையிடப்பட்டது. இவற்றுள் பதிவுக் கருவி நிகழ்ந்ததை நினைவில் வைக்கும். இணைப்பூட்டோ நிகழாமலே தடுக்கும். இவ்வேறுபாட்டை உணர்தல் இன்றியமையாதது.

இயந்திரக் காப்போ மின்னணுக் காப்போ, எது சிறந்தது என்ற கேள்விக்கு விடை இப்பொழுது தெளிவாகும். சுருள்வில்லும் எடையும் எளியவை, நெடுநாள் உழைப்பவை, கண்ணால் பார்த்துச் சோதிக்கக்கூடியவை. மின்னணுச் சுற்று தொலைவில் உள்ளதை அறிவது. மறைந்த பழுதைக் கண்டு கூறுவது. ஒன்று காணாததை மற்றொன்று காணுமாறு இரண்டையும் இணைப்பதே சிறந்த அமைப்பு. தண்டவாள மின்சுற்றில் மின்சாரம் அறிந்ததை இரும்பின் எடை நிறைவேற்றுவது போன்று, இவை ஒன்றுக்கொன்று துணையாதல் வேண்டும்.

இருவகையும் கூடினும் காப்பு முழுமையடைவதில்லை. சுருள்வில்லுக்கு எண்ணெய் இடுவோர், கம்பியைச் சரியான முனையில் பூட்டுவோர், கதவை மூடிய பின்னரே எண்ணைச் சொல்வோர், மூடிய கதவின் அடியில் புகுந்து செல்லாத வழிப்போக்கர் ஆகிய அனைவரும் அக்காப்பின் உறுப்புகளே. அதே வேளையில், இவர்களுள் யாரும் ஒருபோதும் தவறமாட்டார் என்று எண்ணிப் பொறியை அமைத்தல் பேதைமை. மனிதர் தவறுவர் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டு, அத்தவறு உயிரைத் தொடாதவாறு தடுப்பதே பொறியியலின் அறம். அவ்வறம் பெருநகரச் சந்திப்புகளில் மட்டுமன்றி, பள்ளிச் சிறுவர் நாள்தோறும் கடக்கும் சிற்றூர்க் கடவுப்பாதையிலும் நிலைபெறுதல் வேண்டும்.